நேரில் கேட்பதா, ஆள் வைத்துக் கேட்பதா, எழுதிக் கேட்பதா?

இலங்கையின் மலையகத்தில் ஒருவருக்கு ஏதாவது தேவைப்படும்போது அதை உரியவரிடம் கேட்பதற்கு நான்கு வழிகள் வழக்கத்தில் இருக்கின்றன. தானே போய் நேரில் கேட்கலாம். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரையோ, தெரிந்த ஆசிரியரையோ, தாய்மாமனையோ முன்னால் விட்டுக் கேட்கலாம். கடிதமாக எழுதிக் கொடுக்கலாம். அதே தேவை உள்ள பலரோடு சேர்ந்து கேட்கலாம். கேட்பதற்குத் துணிவு வரவில்லை என்று சொல்பவர்களோடு சற்று உட்கார்ந்து பேசிப் பார்த்தால், இந்த நான்கில் தன் விஷயத்துக்கு எது பொருந்தும் என்பது பிடிபடாத தடுமாற்றம் அந்தத் தயக்கத்தில் பெரும் பங்கு வகிப்பது தெரியவரும். நான்கும் ஒரே தரமானவை என்று நான் கருதவில்லை. தன் ஒருவருக்கே உரிய விஷயத்தை முதலில் தானே போய்க் கேட்டு, அதே நாளில் எழுத்திலும் கொடுத்துவிட வேண்டும் என்பதே என் கட்சி. மற்ற வழிகளுக்கும் உரிய இடம் உண்டு.

வழியைத் தெரிவு செய்வதற்கு முன், கேட்கப்போவது எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சட்டப்படி நமக்குச் சேர வேண்டியது ஒரு வகை. கொடுப்பவர் விரும்பினால் கொடுக்கலாம், மறுத்தாலும் அவர்மேல் குற்றமில்லை என்பது இன்னொரு வகை. வீட்டாரின் சம்மதம் போல, ஒருவருடைய மனம் இசைந்தால் மட்டுமே கிடைப்பது மூன்றாவது. இந்த வித்தியாசம் தெளிவாக இல்லாததால் இரண்டு பக்கமும் பிழை நடக்கிறது. ஐந்து வருடமோ அதற்கு மேலோ வேலை செய்து விலகிய தொழிலாளிக்குப் பணிக்கொடை கொடுக்க வேண்டும், அதுவும் விலகி 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்று 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் மேலதிகத் தொகையும் சேர்கிறது. அப்படியிருந்தும், காலமெல்லாம் தேயிலைக் கொழுந்து பறித்த ஒரு தாய் அந்தப் பணத்தைக் கேட்க ஆபிஸ் வாசலுக்கு வரும்போது, கைமாற்றுக் கேட்க வந்தவரைப் போல முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு ஓரமாக நிற்கிறார். மறுபுறம், மகளின் கல்யாணத்துக்குத் தோட்டத்து லொறியை ஒரு நாள் கேட்பவர், அது தனக்குச் சேர வேண்டியது என்ற தொனியில் பேசி, கிடைக்கக்கூடியதையும் இழந்துவிடுகிறார். முதலாமவர் நிமிர்ந்து கேட்க வேண்டும். இரண்டாமவர் மறுப்புக்கும் இடம்விட்டுக் கேட்க வேண்டும்.

இங்கே கேட்பது ஏன் இவ்வளவு கனத்த காரியமாக இருக்கிறது என்பதற்கு வரலாற்றில் காரணம் உண்டு. கோப்பிக் காலத்திலிருந்தே தொழிலாளிக்கும் தோட்ட நிர்வாகியான துரைக்கும் நடுவில் கங்காணி நின்றார். ஆள் சேர்த்தவரும் அவர், முன்பணம் கொடுத்தவரும் அவர், கடனுக்குக் கணக்கு வைத்தவரும் அவர், துரையிடம் பேசியவரும் அவர். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போவதற்குக் கடன் விபரம் எழுதிய துண்டு தேவைப்பட்டது. அந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. தன் வாயால் தனக்காகக் கேட்கும் பழக்கம் வளர அந்த ஏற்பாட்டில் இடமே இருக்கவில்லை. பிறகு 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. பிரஜாவுரிமைப் பத்திரம் கையில் இல்லாத ஒருவர் அரச கந்தோர் ஒன்றுக்குள் நுழையும்போது, கேள்வி கேட்கும் இடத்தில் தாம் இருப்பதாக நினைத்திருக்க முடியாது. அப்படி வாழ்ந்தவர்களின் பிள்ளைகள்தான் இன்று நடுத்தர வயதில் இருக்கிறார்கள். தயங்குகிற ஒருவரைக் கோழை என்று சொல்லிவிடுவது அநியாயம்.

ஆள் வைத்துக் கேட்கும் வழி அந்தக் காலத்தின் தொடர்ச்சி என்றாலும், அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. கோ. நடேசய்யர் 1931இல் தொழிற்சங்கம் தொடங்கிய பிறகு, காலப்போக்கில் கங்காணி பேசிய இடத்தில் சங்கத்தின் தோட்டத் தலைவர் பேசத் தொடங்கினார். இது சிறிய மாற்றமல்ல. தலைவருக்கு ஆபிஸின் போக்கு தெரியும். எந்தக் கிளார்க்கிடம் எந்தக் கோப்பு இருக்கிறது என்று தெரியும். துரைக்குத் தமிழ் சரளமாக வராவிட்டால் சிங்களத்தில் எடுத்துச் சொல்லவும் தெரியும். சங்கத்துக்கு அங்கத்தவர்கள் சந்தா கட்டுகிறார்கள். ஆகவே ஒரு அங்கத்தவர் தலைவரை உதவிக்கு அழைப்பது, தான் பணம் கட்டிப் பெற்றிருக்கும் சேவையைக் கேட்பதாகும். தண்டனை, வேலையிலிருந்து இடைநிறுத்துதல், சம்பளக் கழிவு போன்ற, மறுபக்கம் அதிகாரத்தோடு நிற்கும் விஷயங்களில் தனியாகப் போகாமல் தலைவரோடு போவதே புத்திசாலித்தனம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் தலைவரோடு போவது வேறு, தலைவரை மட்டும் அனுப்பிவிட்டுத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தில் காத்திருப்பது வேறு. இரண்டாவதில் நமக்குத் தெரியாமல் பல இழப்புகள் நடக்கின்றன. முதலாவது, விஷயம் வழியில் உருமாறுகிறது. 'மழை வந்தால் கூரை ஒழுகி அடுப்படி நனைகிறது, நான்கு தகரம் வேண்டும்' என்று ஒருவர் சொல்லி அனுப்பியது, ஆபிஸில் 'லயத்துக்குத் தகரம் கேட்கிறார்கள்' என்று போய்ச் சேருகிறது; எத்தனை, எந்தக் காம்பராவுக்கு, ஏன் அவசரம் என்பதெல்லாம் இடையிலேயே உதிர்ந்துவிடுகின்றன. இரண்டாவது, பதிலும் அதேபோல் உருமாறித்தான் திரும்பி வருகிறது. 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று துரை உண்மையிலேயே சொன்னாரா, அல்லது தலைவர் கேட்கவே மறந்துவிட்டு அப்படிச் சொல்கிறாரா என்று அறிய வழியில்லை. மூன்றாவது, கிடைத்தது சட்டப்படி நமக்குச் சேர வேண்டியதாக இருந்தாலும், அது 'தலைவர் வாங்கித் தந்தது' ஆகிவிடுகிறது. தேர்தல் வரும்போது அந்த நன்றிக்கடன் நினைவூட்டப்படுகிறது.

இவற்றையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படுவது பெண்களின் நிலை. மலையில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். தலைவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். மகப்பேற்று விடுமுறை, மாதவிடாய் நாட்களில் மலைக்கு அருகே மலசலகூட வசதி, மேற்பார்வை செய்கிறவரால் வரும் தொல்லை ஆகியவற்றை ஒரு பெண் முதலில் ஓர் ஆணிடம் விளக்கி, அவர் அதை இன்னோர் ஆணிடம் விளக்கும்படி விட வேண்டியிருக்கிறது. பல பெண்கள் அந்த முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். இப்படிப்பட்ட விஷயங்களில் ஆள் தேவை என்றால், மாதர் சங்கத் தலைவியையோ, நம்பிக்கையான இன்னொரு பெண்ணையோ கூட்டிக்கொண்டு போய், பேச வேண்டியதைத் தானே பேசுவதுதான் நல்லது. கூட வருபவர் பக்கத்தில் நின்றால் போதும். சாட்சியாக இருப்பதே பெரிய உதவி.

இனி நேரில் கேட்பதைப் பார்ப்போம். இதற்குத்தான் அதிகத் துணிவு தேவை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆயத்தம் சரியாக இருந்தால் நான்கு வழிகளிலும் விரைவாக முடிவது இதுதான். தோட்டங்களில் அடிக்கடி வரும் ஒரு சிக்கலை எடுத்துக்கொள்வோம். தோட்டத்தின் தொழிலாளர் பதிவேடான செக்ரோலில் ஒரு பெயர், தேசிய அடையாள அட்டையில் வேறொரு பெயர். இரண்டும் ஒருவரே என்று நிரூபிக்காமல் ஊழியர் சேமலாப நிதிப் பணத்தை எடுக்க முடியாது. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் வேலையிலிருந்து ஓய்வுபெற்று அந்தப் பணத்தைக் கோரலாம். தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 8உம், தொழில் வழங்குநரின் பங்காக நூற்றுக்கு 12உம் சேர்ந்த பணம் அது. தேவைப்படுவது தோட்ட ஆபிஸிலிருந்து ஒரு கடிதமும், சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசியும்தான். கடிதம் கேட்பதற்குத் தயங்கியே மாதங்களைக் கழிப்பவர்கள் இருக்கிறார்கள்.

கேட்கும் நேரமும் இடமும் பாதி வேலையைச் செய்துவிடும். விடியற்காலைப் பிரட்டில் கேட்டால், ஆட்களை மலைகளுக்குப் பிரித்து அனுப்பும் அவசரத்தில் இருப்பவர் காதில் எதுவும் ஏறாது. கொழுந்து மடுவத்தில் தராசுக்கு முன்னால் வரிசை நிற்கும்போது கேட்டால், பின்னால் நிற்பவர்களின் முணுமுணுப்பே நம்மை விரட்டிவிடும். நம் தனிப்பட்ட விஷயமும் நாலு பேர் காதில் விழும். வாரத்தில் ஒரு நாள் துரை ஆபிஸில் இருந்து தொழிலாளரின் குறை கேட்கும் வழக்கம் பல தோட்டங்களில் உண்டு. அந்த நாளில், இரண்டு ஆவணங்களின் பிரதிகளையும் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும். பேச வேண்டியது இவ்வளவுதான்: "துரை, செக்ரோல்ல மாரியாயின்னு இருக்கு, ஐடென்டி கார்ட்ல மாரியம்மான்னு இருக்கு. ரெண்டும் நான்தான்னு ஆபிஸ்லருந்து ஒரு கடுதாசி வேணுங்க. சேமலாபக் காசு எடுக்க லேபர் ஆபிஸ்ல கேக்குறாங்க. எப்ப வந்து எடுத்துக்கலாங்க?"

இந்தப் பேச்சில் வீட்டுக் கஷ்டம் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். புருஷனின் நோய், பேரப்பிள்ளையின் படிப்பு, அடகில் இருக்கும் நகை எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவற்றை முதலில் சொன்னால் எதிரில் இருப்பவர் இரக்கப்படுவார், என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெளிவாகாது. கடைசிக் கேள்வி 'கொடுப்பீர்களா' என்று இல்லாமல் 'எப்போது' என்று இருப்பதும் வேண்டுமென்றே செய்தது. சட்டப்படி சேர வேண்டிய ஒன்றுக்கு இப்படிக் கேட்பதுதான் முறை. லொறி கேட்பதற்கு இந்தக் கேள்வி பொருந்தாது. அங்கே 'முடியுமாங்க' என்றுதான் கேட்க வேண்டும்.

கேட்டு முடித்ததும் வரும் மௌனம்தான் மிகக் கடினமான இடம். எதிரில் இருப்பவர் தாளைப் புரட்டிப் பார்ப்பார், கிளார்க்கைக் கூப்பிடுவார், நெற்றியைச் சுருக்குவார். அந்தச் சில விநாடிகளைத் தாங்க முடியாமல் நம்மவர்கள், "இல்லாட்டியும் பரவால்லைங்க, அப்புறமா வாறேன்" என்று தாங்களே மறுப்பையும் சொல்லிவிட்டு வெளியேறுவதைப் பல தடவை பார்த்து மனம் வருந்தியிருக்கிறேன். எதிரில் இருந்தவர் மறுக்கவே இல்லை, யோசித்துக்கொண்டுதான் இருந்தார். கேட்டவர் பேசாமல் நிற்க வேண்டும். வாசலில் நின்று இரண்டு வசனம் பேசுவதற்கு வேண்டிய துணிவை விட, அதற்குப் பிறகு வாய் மூடி நிற்பதற்கு வேண்டிய துணிவு அதிகம் என்பது என் அனுபவம். அதை வீட்டில் பிள்ளைகளோடு ஒரு தடவை பேசிப் பழகிப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நேரில் கேட்பதன் குறை, அது காற்றோடு போய்விடும் என்பதுதான். துரை மாற்றலாகிப் போனால், கிளார்க் விடுமுறையில் போனால், கேட்டதற்கு அடையாளமே இருக்காது. எழுத்தின் பலம் அங்கேதான் இருக்கிறது. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை ஆபிஸில் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரை வைத்து வாங்கிக்கொண்டால், கேட்ட நாள் யாராலும் மறுக்க முடியாததாகிவிடும். முத்திரை வைக்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தலாம். கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. பெயர், பதிவு இலக்கம், டிவிசன், கேட்பது என்ன, எந்தத் திகதியில் யாரிடம் நேரில் கேட்கப்பட்டது என்பவை இருந்தால் போதும். அரச கந்தோர்களுக்குத் தமிழிலேயே எழுதலாம்; 1987இல் வந்த 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு தமிழும் அரச கரும மொழி. சிங்களத்தில் எழுதிக் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை என்பதற்காக ஒரு கோரிக்கையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

எழுத்து வழியில் மிகவும் பயனுள்ளதும், எங்கள் மக்கள் குறைவாகப் பயன்படுத்துவதுமான ஒன்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி 3இல் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகம், பிரதேச சபை, தொழில் திணைக்களம் போன்ற அரச அமைப்புகளிடம் எந்தப் பிரஜையும் தகவல் கேட்கலாம். கேட்பவர் தனக்கு அது ஏன் தேவை என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அதை எழுதிக்கொள்ள வேண்டியது தகவல் அலுவலரின் கடமை. கூடிய விரைவில், எப்படியும் 14 வேலை நாட்களுக்குள், தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை அறிவிக்க வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். வீடமைப்புத் திட்டத்தின் பெயர்ப்பட்டியலில் என் பெயர் இருக்கிறதா, எங்கள் பாதைக்கு ஒதுக்கப்பட்ட பணம் எவ்வளவு, என் பெயரில் சேமலாப நிதிக்கு எந்தெந்த மாதங்களில் பணம் கட்டப்பட்டிருக்கிறது என்றெல்லாம் கேட்கலாம். யார் முகத்தையும் பார்த்துக் கெஞ்சத் தேவையில்லாத வழி என்பதால், நேரில் பேச நாக்கு எழாதவர்களுக்கு இதை முதலில் சிபாரிசு செய்வேன்.

எழுத்துக்கும் குறை உண்டு. ஒரு வார்த்தையும் பேசாமல் நேரே கடிதம் நீட்டினால், கடிதம் வாங்குபவர் அதை முறைப்பாடாக எடுத்துக்கொள்வார். அதனால்தான் முதலில் பேச்சு, பிறகு எழுத்து என்கிறேன். பெயர் போடாத மொட்டைப் பெட்டிசம் எழுதுவதை நான் எக்காரணம் கொண்டும் ஆதரிக்க மாட்டேன். அதில் கேட்பவர் யார் என்று தெரியாததால் யாருக்கும் எதுவும் கிடைப்பதில்லை. எழுதியது யார் என்ற சந்தேகத்தில் தோட்டத்தில் ஒன்றாக இருப்பவர்கள்தான் பிரிகிறார்கள்.

கடிதத்துக்குப் பிறகும் பதில் இல்லையென்றால், காத்திருக்கும் காலத்துக்கு ஓர் எல்லை வைக்க வேண்டும். பணிக்கொடை, சேமலாப நிதி ஆகியவற்றுக்கு ஹட்டன், நுவரெலியா, பதுளை போன்ற நகரங்களில் உள்ள தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். முத்திரை வைத்த பிரதி அங்கே பேசும். வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் தொழில் நியாயசபைக்கு விண்ணப்பிக்க ஆறு மாதமே கால எல்லை. துணிவு வரட்டும் என்று ஏழாவது மாதம்வரை காத்திருந்தால் அந்தக் கதவு மூடிவிடும்.

கூட்டாகக் கேட்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் மலையகத்துக்கு நன்றாகத் தெரிந்த வழி அது. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் சம்பள உயர்வுக்காகப் போராட்டம் நடந்தபோது பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிர் கொடுத்தார். அண்மைக் காலத்தில் ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காகப் பல வருடங்கள் வீதியில் நின்று கேட்டதன் பிறகு, 2021இல் சம்பள நிர்ணய சபை ஊடாக அது கிடைத்தது. 2024இல் 1,350 ரூபாவானது. ஒருவருக்கு மட்டும் கொடுத்துத் தீர்க்க முடியாத சம்பளம், குடிநீர், பாதை, காணி போன்றவற்றை ஒருவர் தனியாகக் கேட்டுப் பயனில்லை. ஆனால் தன் தனிப்பட்ட தேவையைக் கூட்டத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, அதுவும் சேர்ந்து தீர்ந்துவிடும் என்று இருப்பவர்கள் பெரும்பாலும் ஏமாந்து போகிறார்கள். பெரிய கோரிக்கையின் பேச்சில் மாரியாயியின் கடிதத்தை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

வீட்டுக்குள் கேட்பது மட்டும் இந்த ஒழுங்குக்கு அடங்குவதில்லை. உயர்தரத்தில் சித்தியடைந்த ஒரு மகள், கொட்டகலை பத்தனையில் உள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரிக்கோ, பேராதனைக்கோ, யாழ்ப்பாணத்துக்கோ போய்ப் படிக்க விரும்புகிறாள். கொழும்பில் துணிக்கடை வேலைக்கு அனுப்பினால் மாதம் ஏதாவது வரும் என்று அப்பா நினைக்கிறார். இங்கே எழுத்துக்கு வேலையில்லை. நேரே அப்பாவிடம் போய் நிற்பதும் பல வீடுகளில் முதல் வார்த்தையிலேயே முடிந்துவிடும், ஏனென்றால் பிள்ளைக்கு முன்னால் ஒரு தடவை 'முடியாது' என்று சொல்லிவிட்ட தகப்பனுக்கு அதிலிருந்து இறங்கி வருவது கஷ்டம். ஆகவே இந்த ஒரு விஷயத்தில் ஆள் வைத்துக் கேட்பதையே நான் சிறந்ததாகக் கருதுகிறேன். முதலில் அம்மாவிடம் மனதில் உள்ளதை முழுவதும் சொல்லிவிட வேண்டும். பிறகு அப்பா மதிக்கும் தாய்மாமனோ, படிப்பித்த ஆசிரியரோ வீட்டுக்கு வந்து பேச்சைத் தொடங்கலாம். அவர் தொடங்கட்டும், ஆனால் மகள் குசினியில் ஒளிந்திருக்கக் கூடாது. "நீ என்னம்மா சொல்ற?" என்று அப்பா திரும்பிப் பார்க்கும்போது பதில் அவள் வாயிலிருந்துதான் வர வேண்டும். விடுதிக்கு எவ்வளவு, பஸ்ஸுக்கு எவ்வளவு, பல்கலைக்கழகமானால் மஹாபொல புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்க முடியுமா, எத்தனை வருடத்தில் சம்பளம் எடுக்கலாம் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசினால், அப்பா அன்றைக்கு இணங்காவிட்டாலும் எதற்காக மறுக்கிறார் என்பதாவது வெளியே வரும். பணம்தான் காரணம் என்றால் அதற்கு ஒரு வழியும், பெண்பிள்ளை தூரத்தில் தனியாக இருப்பதுதான் கவலை என்றால் அதே கல்லூரியில் படிக்கும் தெரிந்த பிள்ளை ஒருத்தியை வீட்டுக்கு அழைத்து வந்து பேச வைப்பது போன்ற வேறொரு வழியும் தேடிக்கொண்டு, அனுமதிக் கடிதத்தின் கடைசித் திகதிக்கு முன் மாமாவை இன்னொரு தடவை வரச் சொல்லலாம்.